நாலாவது பேனர்

காலை பதினோரு மணிக்குள் வேளாங்கண்ணி ஏழெட்டுப் பேரின் கழுத்தை வெட்டி முடித்திருப்பார். கத்தியெல்லாம் இல்லை, கம்ப்யூட்டர் மவுஸ்தான். வாட்ஸப்பில் வந்த போட்டோவைத் திரையில் பெரிதாக்கி, ஒரு காதோரம் தொடங்கித் தாடை வழியாக மறுகாது வரைக்கும் பொறுமையாக வெட்டி எடுத்து, தயாராக வைத்திருக்கும் கோட்டு சூட்டு உடம்பின் மேல் அந்தத் தலையை உட்கார வைப்பார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "கழுத்து பத்தலயே. இவரு பொறக்கும்போதே கழுத்து கம்மியாதான் வாங்கியாந்திருக்காரு" என்பார். அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றாலும் சொல்வார்.

முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடைக்கும் ஒரு பஞ்சர் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய 'மாதா டிஜிட்டல்ஸ்'. முன்னறையில் வேளாங்கண்ணியும் கம்ப்யூட்டரும். பின்னறையில் பேனர் அச்சடிக்கும் இயந்திரமும் அவர் கணவர் அமலநாதனும். இரண்டில் அதிகம் சத்தம் போடுவது இயந்திரம்தான். அமலநாதன் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்றைக்கு வீட்டில் விசேஷம் என்று அர்த்தம். மிச்ச வார்த்தைகள் எல்லாவற்றையும் வேளாங்கண்ணியே பேசிவிடுவதால் குடும்பத்தில் குறையொன்றும் இல்லை.

வயது நாற்பத்தாறு. குள்ளம். சுடிதாரின் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருப்பார். மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது, முகம் மறக்காது. கடைத்தெருவில் யாரையாவது பார்த்தால் "நீங்க அந்த டிபன் கடை தொறப்பு விழாவுல மேல் வரிசை, எடப்பக்கத்துலேர்ந்து மூணாவது ஆளுதானே?" என்று கேட்பார். கேட்கப்பட்டவர் பூரித்துப் போவார். பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் வேளாங்கண்ணி சிலுவை போட்டுக்கொள்வார். பேயைக் கூட மந்திரித்து விரட்டிவிடலாம், இருபதடி பேனரில் விழுந்த எழுத்துப்பிழையை யாராலும் விரட்ட முடியாது என்பது அவர் அனுபவம்.

புதுச்சேரியில் பிறந்தவன் பேனர் இல்லாமல் வளர்வதில்லை. காது குத்தினால் பேனர். கார் வாங்கினால் பேனர். பிரான்சில் இருக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா வீட்டுப் பேரனுக்கு இங்கே முத்தியால்பேட்டையில் பிறந்தநாள் பேனர். தடை உத்தரவு வரும்போதெல்லாம் "ரெண்டு வாரம் கடை ஈ ஓட்டும். மூணாவது வாரம் எந்தத் தலைவருக்காவது பொறந்தநாள் வந்துரும்" என்று சொல்லிவிட்டு வேளாங்கண்ணி மேசையைத் துடைக்கத் தொடங்குவார்.

பேனரில் எல்லாவற்றையும்விட முக்கியம் கீழ் வரிசை. 'இவண்' என்று போட்டு வரிசையாகத் தலைகள் வரும். யார் தலை பெரிது, யார் தலை சின்னது என்பதில் உறவு முறியும், கட்சி உடையும். மூலக்குளத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் ராமலிங்கம், கோயில் திருவிழாக் குழுவின் பொருளாளர், ஒரு வருடம் டேப்போடு வந்தார். தன் தலையையும் குழுத் தலைவரின் தலையையும் பேனரில் அளந்து பார்த்துவிட்டு, "ஒன்றரை இஞ்சு கொறையுதும்மா" என்றார். வேளாங்கண்ணி சிரிக்காமல் ஒன்றரை அங்குலம் ஏற்றிக் கொடுத்தார். வாடிக்கையாளர் முன்னால் சிரிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். அவர் போன பிறகு அரைமணி நேரம் சிரித்தார்.

ஆனால் வேளாங்கண்ணியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுவது இதனால் இல்லை. அந்த நாலாவது பேனரால்தான்.

"பொம்பளைக்கு மூணே பேனருதான். வயசுக்கு வந்தா ஒண்ணு, கல்யாணம் ஆனா ஒண்ணு, செத்தா ஒண்ணு. ஆம்பளை கிட்னில கல்லு எடுத்துகினு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தாக்கூட அவனுக்கு 'வருக வருக'ன்னு போடுறாங்க" என்பார்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாண பேனர் செய்தார். பெண்ணின் பெயரை இப்போதும் சொல்ல மாட்டார். பதினாலு மாதம் கழித்து அதே வீட்டார் வந்தார்கள். "போட்டோ உங்க சிஸ்டத்துலயே இருக்கும்" என்றார்கள். இருந்தது. கல்யாணப் புடவையில் இருந்த முகத்தை மாப்பிள்ளையின் தோளிலிருந்து பிரித்து வெட்டி, 'கண்ணீர் அஞ்சலி'யில் வைத்தார். செத்தது வயிற்று வலியால் என்று சொன்னார்கள். அந்தப் பெண் மூன்று தடவை அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு ஓடி வந்ததும், மூன்று தடவையும் பெரியவர்கள் கூடிப் பேசித் திருப்பி அனுப்பியதும் ஊருக்கே தெரியும். கீழ் வரிசையில் யார் யார் தலை வேண்டும் என்று கேட்டபோது, கல்யாணத்துக்குப் போட்ட அதே தலைகள் போதும் என்றார்கள். திருப்பி அனுப்பிய அதே பெரியவர்கள். "ஒரு மூஞ்சி மாத்தலங்க. தலைப்பை மட்டும் மாத்தினேன். அன்னைக்கு இந்த மவுஸ தூக்கி அடிச்சேன்" என்று சொல்லும்போது வேளாங்கண்ணியின் குரல் இறங்கிவிடும்.

பக்கத்துத் தையல் கடை நிர்மலா நான்கு வருடத்துக்கு முன்பு இரண்டு வயதுக் குழந்தையோடும் நெற்றியில் மூன்று தையலோடும் தாய் வீட்டுக்கு வந்தார். தாய் வீடு இதே தெருதான். பகலில் வெளியே தலை காட்டாமல் இருந்தார். வேளாங்கண்ணி ஒரு மாதம் பொறுத்தார். பிறகு நிர்மலாவிடம் போய், "ஒனக்கு ஒரு பேனர் அடிக்கிறேன், சரியா?" என்று கேட்டார். நிர்மலா அதை விளையாட்டு என்று நினைத்துச் சரி என்றார்.

முந்தின நாள் ஒரு கட்சிப் பிரமுகருக்காகச் செய்த வரவேற்பு பேனர் திரையில் தயாராக இருந்தது. பிரமுகரை எடுத்துவிட்டு நிர்மலாவை வைத்தார். பெயரை மாற்றினார், கீழ் வரிசையில் தெருக்காரர்களை வைத்தார். அவசரத்தில் சிலுவை போட மறந்தார். மறுநாள் காலையில் தெருமுனையில் பேனர் ஏறிய பிறகுதான் மேலே பார்த்தார். 'எங்கள் தொகுதியின் விடிவெள்ளியே, வருக!' என்று பிரமுகரின் வரி அப்படியே இருந்தது. அமலநாதனைக் கேட்டதற்கு, "பாத்தேன். நீ போட்டா காரணம் இருக்கும்னு உட்டுட்டேன்" என்றார். அன்றைக்கு அவர் பேசியதே அவ்வளவுதான்.

மதியத்துக்குள் நிர்மலா வீட்டு வாசலில் முதியோர் பென்ஷன் மனுவோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். எந்தக் கட்சி, எந்தச் சின்னம் என்று கேட்டுக்கொண்டு இன்னும் சிலர். நிர்மலா வாசலுக்கு வந்து, நான் வேட்பாளர் இல்லை, புருஷன் அடித்ததால் திரும்பி வந்தவள் என்று ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. நாலாவது ஆளிடம் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாகச் சொல்ல வெட்கப்பட்டதை ஒரே பகலில் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். மனு கொண்டுவந்த கிழவர், "நீ நின்னா நான் ஓட்டு போடுறேம்மா" என்று சொல்லிவிட்டு மனுவையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வரியை வேளாங்கண்ணி எடுக்கவே இல்லை. இதுவரை பதினொரு பெண்களுக்கு நாலாவது பேனர் அடித்திருக்கிறார். பதினொருவரும் தொகுதியின் விடிவெள்ளிகள். அதற்குக் கீழே பெண்ணின் பெயர், தாய் வீடு திரும்பியதற்கு அன்பான வரவேற்பு, பிறகு இப்படி ஒரு வரி: 'இனி இவளை அடிக்க நினைப்பவர் கீழே உள்ள அத்தனை பேரையும் தாண்டித்தான் வர வேண்டும்.' மூலையில் பெண்கள் உதவி எண் 181. அந்த எண் மட்டும் தூரத்திலிருந்தே தெரிகிற அளவில் இருக்கும்.

இந்த பேனருக்குச் சட்டங்கள் உண்டு. பெண் தன் வாயால் வேண்டும் என்று சொல்லாமல் அடிப்பதில்லை. அப்பாவோ அண்ணனோ பெண்ணுக்குத் தெரியாமல் வந்து கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். பெண்ணின் முகத்துக்குக் கலர் ஏற்ற மாட்டார். ஏற்கெனவே சிஸ்டத்தில் இருக்கும் போட்டோ ஆகாது. பெண்ணானாலும் சரி, கீழ் வரிசை ஆளானாலும் சரி, கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். "கல்யாணத்துக்குக் குடுத்த மூஞ்சியே அஞ்சலிக்கும் ஒதவிச்சு பாருங்க. அதனால இதுக்கு மட்டும் பழைய மூஞ்சி ஆவாது. வந்து உக்காந்து குடுக்கணும்."

பன்னிரண்டாவது பேனர்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை அஞ்சலாட்சி கடைக்கு வந்தார். டேப்போடு வந்த ராமலிங்கத்தின் மனைவி. மகள் ஹேமலதாவைக் காலாப்பட்டில் கொடுத்திருந்தார்கள். அவள் மூன்று மாதமாக மூலக்குளத்தில்தான் இருக்கிறாள். புருஷன் முறித்த கை எலும்பு கூடிவிட்டது. கேட்பவர்களிடம் ராமலிங்கம், "ஒடம்பு முடியல, ரெஸ்ட்டுக்கு வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகளிடம் மட்டும் மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு மாப்பிள்ளை ஊட்டு ஆளுங்க வராங்க வேளாங்கண்ணி. பேசி கூட்டிகினு போவாங்களாம். இவரு வாணாம்னு சொல்ல மாட்டாரு. 'நாலு பேருக்குத் தெரிஞ்ச மூஞ்சி என்னுது'ன்றாரு" என்றார் அஞ்சலாட்சி.

"தெரிய வச்சவளே நான்தானே அண்ணி" என்றார் வேளாங்கண்ணி. பிறகு, "ஹேமா என்ன சொல்லுது?"

"ஒங்கிட்ட பேனர் அடிக்கணுமாம். அதுதான் அனுப்பிச்சுது."

மறுநாள் ஹேமலதாவே வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்திய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கடைக்குள் வந்துதான் கழற்றினாள். ஸ்டூலில் உட்கார்ந்தவள் கேமராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். வேளாங்கண்ணி போட்டோவை மறந்துவிட்டு டேப் கதையைச் சொன்னார். ஒன்றரை அங்குலக் குறையைச் சொன்னார், ராமலிங்கம் மூக்கிலிருந்து அளப்பதா முடியிலிருந்து அளப்பதா என்று சண்டை போட்டதையும் நடித்துக் காட்டினார். ஹேமலதா பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் வேளாங்கண்ணி எடுத்தார்.

"அக்கா, கீழ அப்பா இருக்கணும். அவரு இல்லாம எத்தன பேரு இருந்தாலும் அவங்க என்ன கூட்டிகினு போயிருவாங்க" என்றாள் ஹேமலதா.

அவள் சொன்னது உண்மை. தெருவே நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தலையாட்டப் போகும் ஆள் ராமலிங்கம் ஒருவர்தான்.

வியாழனும் வெள்ளியும் கீழ் வரிசை ஆட்கள் வந்தார்கள். அஞ்சலாட்சி புதுச் சேலையில் வந்து உட்கார்ந்தார். ஹேமலதாவின் எதிர்வீட்டு டீச்சர் வந்தார். சொல்லாமலே நிர்மலா வந்தார், "எல்லா பேனர்லயும் நான் இருப்பேன்" என்றார். பின்னறையிலிருந்து அமலநாதன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து போனார். வேளாங்கண்ணி தலைகளை வரிசைப்படுத்தி, நட்டநடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டார்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ராமலிங்கம் வந்தார். கையில் ஆடித் திருவிழா அழைப்பிதழ். வந்த வேலை அதுதான் என்று காட்டிக்கொள்ள அதை மேசை மேல் வைத்து இரண்டு தடவை நீவினார். திரையில் ஹேமலதா இருந்தாள். வேளாங்கண்ணி திரையை மறைக்கவில்லை.

"கோயிலு பேனர் இந்த வாட்டி பதினாறுக்கு எட்டு."

"போட்டுரலாம்ணே."

"அம்மன் நடுவுல வரணும்."

"அம்மன வேற எங்க வைப்பேன்?"

பின்னறை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ராமலிங்கம் அழைப்பிதழைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார்.

"இவ எப்ப சிரிச்சா?"

"பொதன்கெழம. இந்த ஸ்டூல்ல உக்காந்து."

"எதுக்கு சிரிச்சா?"

"நீங்க டேப் எடுத்துகினு வந்தத சொன்னேன்."

"அதயெல்லாமா பிள்ளைங்க கிட்ட சொல்லுவ?" என்றவருக்குக் கோபம் வந்தது போலத்தான் இருந்தது. ஆனால் பார்வை திரையை விட்டு நகரவில்லை. குனிந்து கீழ் வரிசையைப் பார்த்தார். தன் மனைவியின் தலையை அங்கே பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கினார். முப்பது வருடத்தில் அஞ்சலாட்சி ஒரு பேனரிலும் வந்ததில்லை.

"நடுவுல இது யாருக்கு?"

"அது அப்பா எடம்ணே."

"வராட்டி?"

"வராட்டி அப்படியேதான் இருக்கும். மத்த தலைய நவுத்தி மூட மாட்டேன். பாக்குறவங்க பாத்துக்கட்டும்."

ராமலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "என் போட்டோதான் ஒங்கிட்ட இருக்கேம்மா. அந்த வெள்ள சட்டை போட்டது. எடுத்து வச்சுக்கோ. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன். கேட்டா அந்தம்மா வச்சுட்டாங்கன்னு சொல்லிக்கறேன்."

வேளாங்கண்ணிக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு க்ளிக்கில் முடிந்துவிடும், பெண் பிழைத்துவிடும் என்று மனசு சொன்னது. ஆனால் நாளைக்குப் பத்து மணிக்கு அங்கே நிற்க வேண்டியது வெள்ளைச் சட்டை போட்டோ இல்லை, இந்த மனிதர். "ஆவாதுண்ணே. வந்து உக்காந்து குடுத்தாதான்" என்றார்.

ராமலிங்கம் எழுந்தார். அழைப்பிதழைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார்.

இயந்திரம் நின்றது. அமலநாதன் எட்டிப் பார்த்து, "போயிட்டாரா?" என்றார். வேளாங்கண்ணி அழைப்பிதழை எடுத்து டிராயருக்குள் வைத்தார். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பெரிய சட்டம் பேசிவிட்டாய், இனி அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். மாதாவையும் கொஞ்சம் திட்டினார்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். ராமலிங்கம் திரும்பி வந்தார். கன்னமெல்லாம் பளபளவென்று இருந்தது, பவுடர் வாசம் வந்தது. நாலு கடை தள்ளியிருக்கும் சலூனில் முகச்சவரம் செய்துகொண்டு வந்திருக்கிறார். நேராக ஸ்டூலில் போய் உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எடு" என்றார்.

எடுத்தார் வேளாங்கண்ணி. முதல் படம் ஆடிவிட்டது, இரண்டாவதுதான் சரியாக வந்தது. தலையை வெட்டி வரிசையில் வைக்கும் வரைக்கும் ராமலிங்கம் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அளவைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தலைவருங்களுக்கெல்லாம் கிரீடம் வைப்பியே. எம்பொண்ணுக்கு ஏன் வைக்கல?" என்று கேட்டார்.

"வைக்கலாம்ணே. ஹேமா சரின்னு சொல்லணும். இந்த பேனர்ல அவள கேக்காம ஒண்ணும் வைக்க மாட்டேன்."

ராமலிங்கம் செல்போனை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அழைத்தார். "ஏம்மா... அப்பாதான்." வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "ஒண்ணுமில்ல. கடையிலதான் இருக்கேன். உனக்கு கிரீடம் வேணுமா வேணாமான்னு கேக்குறாங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகையாகவும் இருக்கலாம், சிரிப்பாகவும் இருக்கலாம். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "வாணாமாம். சால்வை போதும்ன்றா. பச்சை கலரு" என்றார்.

சால்வை போர்த்தினார் வேளாங்கண்ணி. சிலுவை போட்டுக்கொண்டு பிரிண்ட் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் பேனர் மூலக்குளத்து வீட்டின் கேட்டுக்கு மேலே ஏறிவிட்டது. கட்டியது அமலநாதன். ஏணியைப் பிடித்துக்கொண்டது ராமலிங்கம். ரோட்டில் நின்று கோணல் பார்த்துச் சொன்னது வேளாங்கண்ணி. பத்து மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். இறங்கியவர்கள் கேட்டைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். முதலில் பெண்ணைப் பார்த்தார்கள். பிறகு கீழ் வரிசைக்கு வந்தார்கள். நடுவில் இருந்த தலையைப் பார்த்துவிட்டு, அதற்கு நேர் கீழே கைகட்டி நின்ற அதே தலையைப் பார்த்தார்கள்.

வந்தவர்களில் மூத்தவர், "என்னாங்க இது? உள்ள போயி பேசிக்கலாமே" என்றார்.

"பேச வேண்டியதெல்லாம் மேல எழுதியிருக்குதுங்க. காபி சாப்புடணும்னா வாங்க" என்றார் ராமலிங்கம்.

அவர்களுக்குக் காபி வேண்டியிருக்கவில்லை. கார் வந்த வழியே திரும்பியது. எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து கை தட்டினார், யாரோ விசிலடித்தார்கள். சத்தம் கேட்டு ஹேமலதா வாசலுக்கு வந்தாள். முகத்தை மறைக்க ஹெல்மெட்டில்லை. அண்ணாந்து, பச்சைச் சால்வை போர்த்தி ஆறடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்த தன்னைப் பார்த்தாள். "தொகுதியின் விடிவெள்ளியாமே நான்!" என்றாள். அஞ்சலாட்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ராமலிங்கம் அவர்களைப் பார்க்காமல் கேட்டுக்குப் போனார். மூன்று மாதமாக ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்த கேட். தாழ்ப்பாளைத் தூக்கி இரண்டு கதவையும் விரியத் திறந்தார். காற்றுக்குச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு பக்கத்துக்குச் செங்கல் ஒன்றை முட்டுக்கொடுத்தார். இன்னொரு பக்கத்துக்கு எதைக் கொடுப்பது என்று அவர் தேடிக்கொண்டிருக்கையில், வேளாங்கண்ணி ரோட்டோரம் கிடந்த ஒரு கருங்கல்லைக் காலாலேயே உருட்டிக்கொண்டு வந்து, மறுகதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டு, ஒரு தடவை மிதித்து அழுத்தினார்.